தர்ஷினி சொல்ற ஒரே வார்த்தை

ஓசூர்
8.2.2004

மச்சானுக்கு,

கமலக்கண்ணன் எழுதறேன். பெரியதம்பி கடை போனுக்கு ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன். "சிவராஜ் எந்திரிச்சு வர மாட்டேங்கறான் சார், எழுதிப் போட்டுருங்க"ன்னாரு. எனக்கு கம்பெனில ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். இதுவும் அப்படித்தான் இருக்கும்.

உங்க தங்கச்சி சுகுணா காரியத்தன்னைக்குப் பந்தியில வச்சு, "பொண்ண இங்க விட்டுட்டுப் போங்க, ஷிப்டுக்குப் போற ஆம்பளைக்குப் புள்ள வளக்க வராது"ன்னு சொன்னீங்க. ஊரே உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்துச்சு. பாப்பாவத் தூக்கிட்டு சாயங்கால பஸ்ல ஏறிட்டேன். சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க.

இப்ப சொல்றேன். தர்ஷினிய அனுப்ப முடியாது. அவளுக்கு செவ்வாயும் வெள்ளியும் பேச்சுப் பயிற்சி இருக்கு. நாலு வயசாகப் போகுது, இன்னும் பேச்சு வரல. காது நல்லாக் கேக்குதுன்னு பெங்களூர்ல டெஸ்ட் எடுத்தாச்சு. புத்தியிலயும் கொறை இல்லையாம். பேச்சு மட்டும் தங்கிப் போச்சு. டீச்சர் மோகனப்ரியா கரூர்க்காரங்க. தரையில சம்மணம் போட்டு பாப்பா கண்ணுக்கு நேரா உக்காந்து, சோப்பு நுரை ஊதிக் காட்டி, கண்ணாடி முன்னால வாயத் தொறந்து மூடிக் காட்டி, ஒவ்வொண்ணா கொண்டு வர்றாங்க. இதெல்லாம் பாதியில நிறுத்தக் கூடாது. அஞ்செட்டியில இதுக்கு ஆள் கெடையாது.

நான் வேலைக்குப் போற நேரம் எதிர் வீட்டு ஜோதியம்மாள் பாத்துக்கறாங்க. தேனிக்காரங்க, போன வருசந்தான் இங்கிட்டு வந்தாங்க. நல்ல மாதிரி.

ஒரு சேதி. நல்ல சேதியா என்னன்னு தெரியல. பாப்பா ஒரு வார்த்தை சொல்றா. "அம்மா எங்க?"ன்னு கேட்டா "இல்ல"ங்கறா. டீச்சர் முன்னாலயும் சொன்னா. அர்த்தம் தெரிஞ்சு, கேட்ட கேள்விக்குப் பதிலாச் சொல்ற மொத வார்த்தைன்னு அவங்க எழுதிக்கிட்டாங்க. அம்மா போயிட்டாங்கறது பாப்பாவுக்குப் புரிஞ்சிருச்சு மச்சான். எனக்கே இன்னும் சரியாப் புரியல.

கமலக்கண்ணன்


அஞ்செட்டி
16.2.2004

திரு. கமலக்கண்ணன் அவர்களுக்கு,

கடுதாசி வந்துது. சொன்ன மாதிரியே ரிப்போர்ட்டுதான்.

உங்க டீச்சர் பெருமைய நான் முன்னாலயே கேட்டிருக்கேன். போன தீபாவளிக்கு சுகுணா இங்க வந்தப்ப, பெத்த புள்ளகிட்ட தமிழ்ல பேசறா. "தண்ணீர் குடி, இங்கே வா"ன்னு. என் சம்சாரம் வெங்கடம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. "என்னடி சுகுணா, ரேடியோல சேதி வாசிக்கறாப்ல பேசற"ன்னு. அதுக்கு உங்க பொண்டாட்டி சிரிக்காம சொன்னா, "டீச்சர் ஒரே மொழிதான் பேசச் சொல்லியிருக்காங்க அண்ணி. ரெண்டு மூணு கலந்தா கொழந்தைக்குக் கொழம்பிடுமாம். அவரு தமிழ்னு முடிவு பண்ணிட்டாரு."

அவரு முடிவு பண்ணிட்டாரு. அவகிட்ட கேட்டாரா?

எங்க ஊட்ல பொறந்ததுலருந்து கன்னடந்தான். தமிழ் எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல வந்தது, ஆபீசுல பேசறது. அதுல சுகுணாவுக்குக் கணக்குப் போட வரும், கண்டக்டர்கிட்ட சண்டை போட வரும். கொஞ்ச வராது. கொஞ்சறதுக்கு வார்த்தை இல்லாம அவ கம்முனு ஆயிட்டா. ஆத்தாக்காரியே கம்முனு இருந்தா புள்ள எங்கருந்து பேசும்? எந்தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டா, அதுக்கு உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவ வாய நீங்க அதுக்கு முன்னாலயே கட்டிட்டீங்க.

கொழந்த "இல்ல"ன்னு சொல்லுச்சாம். அதுவாச் சொன்னுச்சா, நீங்க சொல்ல வச்சீங்களா? கிளிக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி. நாலு வயசு நெறயாத புள்ளைக்கு சாவப் பத்தி என்னா தெரியும்?

சித்திரை பொறந்ததும் வருவேன். நாராயணப்பன்கிட்ட ஜீப்புக்குச் சொல்லி வச்சிருக்கேன். இங்க எம்புள்ளைங்க இருக்கு, ஆடு கண்ணு இருக்கு, நாள் பூரா அதுங்ககிட்ட பேச ஆள் இருக்கு. தாய்மாமன் தூக்கிட்டுப் போறத எவன் வந்து தடுப்பான்னு பாக்கறேன்.

சிவராஜ்


ஓசூர்
24.2.2004

மச்சானுக்கு,

நான் சொல்லிக் குடுக்கல. எனக்கு அளவு பாக்கற வேலை. தலைமுடியில பத்துல ஒரு பங்கு தேய்ஞ்சிருந்தாலும் அந்தப் பீஸத் தள்ளி வச்சிருவேன். இல்லாதத இருக்குன்னு எழுத மாட்டேன். போன கடுதாசியில சுருக்கமா எழுதிட்டேன். இப்ப கேட்டத கேட்டபடி எழுதறேன்.

அவ "இல்ல"ன்னு சொல்லல. "இல்லே"ன்னு சொல்றா. கடைசில நீட்டுவா. உங்க பக்கம் அப்படித்தான் இழுப்பீங்க, சுகுணாகிட்டருந்து வந்திருக்கும்னு நெனச்சேன். சொல்லும்போது தலைய ஆட்ட மாட்டா. வெரல நீட்டுவா, பெட்ரூம் கதவுப் பக்கமா. உள்ள யாரும் இல்ல பாருன்னு காட்டறான்னு எடுத்துக்கிட்டேன். மொதல்ல சொன்னப்ப லேசா சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. கொழந்தைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

டீச்சர் ஒண்ணு சொல்லியிருக்காங்க. கொழந்த ஒரு வார்த்தை சொன்னா, அதையே திருப்பிச் சொல்லி, கூட ஒரு வார்த்தை சேத்துக் குடுக்கணுமாம். "பால்"னா "பால் வேணும்"னு. அப்படித்தான் பேச்சு நீளும். நானும் அப்படியே செஞ்சேன். அவ "இல்லே"ன்னா நான் "ஆமாம்மா, இல்ல. அம்மா இல்ல"ம்பேன். தினம் காலைல, தினம் சாயங்காலம்.

அதுல என்னவோ தப்பு இருக்கு. நான் அப்படிச் சொன்னா அவளுக்குக் கோவம் வருது. மூஞ்சி செவந்து, கதவுப் பக்கம் கையக் காட்டிக் காட்டிக் கத்துவா. அப்புறம் வந்து என் கையக் கடிப்பா. முழங்கைக்குக் கீழ பல் பதிஞ்சிருக்கு, கம்பெனில கேட்டதுக்கு நாய்னு சொன்னேன். ஒத்துக்க மாட்டேங்கறா, துக்கத்துல அப்படித்தான் செய்யும்னு ஜோதியம்மாள் சொல்றாங்க. டீச்சரும் கொஞ்ச நாள் போகட்டும்னாங்க.

போன வாரத்துலருந்து அந்த ஒரு வார்த்தையும் நின்னு போச்சு. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. சோப்பு நுரை ஊதினாக்கூடப் பாக்கறதில்ல. "அம்மா எங்க"ன்னு கேட்டா எந்திரிச்சு வேற ரூமுக்குப் போயிடறா.

நான் தமிழ்னு முடிவு பண்ணது என் தமிழ் ஒசத்தின்னு இல்ல. ரெண்டு பேரும் வீட்ல பேசிக்கறது தமிழ். பாப்பா படிக்கப் போறது தமிழ். ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னாங்க, ஒண்ண எடுத்தேன். அவ்வளவுதான். நீங்க அவகிட்ட கேட்டாரான்னு எழுதினீங்க. கேக்கல. அவளும் சரின்னா.

சித்திரைக்கு வராதீங்க. வந்தா கதவத் தொறக்க மாட்டேன்.

கமலக்கண்ணன்


அஞ்செட்டி
1.3.2004

மாப்ளே,

உக்காந்துக்கிட்டு இதப் படி. கொழந்தைய ஜோதியம்மாள்கிட்ட குடுத்துட்டுப் படி.

வெங்கடம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது, நான் சத்தம் போட்டுப் படிச்சேன். அவ ராகிக்கு உலை வச்சுட்டு இருந்தா. "இல்லே"ன்னு நான் படிச்சதும் திரும்பிப் பாத்தா. "இன்னொரு தரம் படி"ன்னா. வெரல நீட்டறான்னு படிச்சதும் அப்படியே அடுப்பு முன்னால உக்காந்துட்டா.

அது உங்க "இல்ல" இல்ல மாப்ளே. அது எங்க "இல்லே".

கன்னடத்துல "இல்லே"ன்னா இங்கயே. இதோ இங்கதான்னு அர்த்தம். கொழந்த அம்மா போயிட்டான்னு சொல்லல. அம்மா இங்கதான் இருக்கான்னு உனக்குக் காட்டியிருக்கு.

எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன். அதே தீபாவளிக்கு வந்தப்ப, தமிழ்ல சேதி வாசிச்சாளே, அதெல்லாம் வாசல்ல. மறுநாள் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால சிரிப்புச் சத்தம் கேட்டுப் போய்ப் பாக்கறேன். சுகுணா வைக்கப்போருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு "அம்மா எல்லி?"ங்கறா. அம்மா எங்கன்னு. பாப்பா ஓடி வந்து சேலையப் புடிச்சுக்கிட்டு "இல்லே!"ங்குது. திரும்பத் திரும்ப அதே ஆட்டம். என்னப் பாத்ததும் சுகுணா எந்திரிச்சு நின்னுட்டா, திருடுனவ மாதிரி. "அண்ணா, அவருகிட்ட சொல்லிடாத. அவரு ஷிப்டுல இருக்கறப்ப மட்டுந்தான். தெரிஞ்சா வருத்தப்படுவாரு. பாப்பா பேசாததுக்கு நாந்தான் காரணம்னு ஆயிடும்"னா. எம்மேல சத்தியம் வாங்கிக்கிட்டா. கோவத்துல அவ வாயக் கட்டிட்டன்னு எழுதினேன். கட்டிக்கல மாப்ளே அவ. உனக்குத் தெரியாமப் பேசிட்டுத்தான் இருந்திருக்கா.

அங்க உன் வீட்ல பெட்ரூம் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு வெளையாடியிருப்பா, பாத்துக்க.

கோவத்துல "நீங்க"ன்னு எழுதிட்டு இப்ப "நீ"ன்னு வருது. தப்பா எடுத்துக்காத.

சிவராஜ்


ஓசூர்
10.3.2004

மச்சானுக்கு,

கடுதாசி கம்பெனி விட்டு வந்தப்ப கெடைச்சுது. படிச்சேன். குளிச்சேன். சோறு வடிச்சேன். மறுபடி படிச்சேன்.

எங்க லைன்ல பாதிப் பேரு கன்னடந்தான். "இல்லி பா", "இல்லி இடு"ன்னு, இங்க வா, இங்க வையின்னு, நாள் பூரா காதுல விழுது. அந்தச் சத்தத்த எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள்ள அது இருக்கும்னு நான் எதிர்பாக்கல. இருக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான்தானே. அதான் காதுல விழுந்தும் வேற அளவுல போய் உக்காந்துருச்சு.

அவ ஒவ்வொரு தரமும் இங்கதான்னு சொல்லியிருக்கா. நான் ஒவ்வொரு தரமும் ஆமா, இல்லன்னு சொல்லியிருக்கேன். யாரு வேணா கடிப்பாங்க.

டீச்சர்கிட்ட உங்க கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். அவங்க நோட்டத் தொறந்து பழச எல்லாம் பாத்தாங்க. "நான் கன்னடம் தெரியாம இந்த ஊர்ல உக்காந்திருக்கேன் சார். ஒரே மொழின்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இனிமே வர்றவங்ககிட்ட வீட்ல யார் எந்த மொழியில கொஞ்சறாங்கன்னு மொதல்ல கேக்கறேன்"னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. அது நல்ல சேதியாம். கேள்வியப் புரிஞ்சு, தமிழ்ல கேட்டதுக்குக் கன்னடத்துல பதில் சொல்லியிருக்கா. ரெண்டு மொழி அவளுக்குள்ள இருக்கு. கொழம்பல. கொழம்பினது நாங்கதான்.

ஆனா அவ இன்னும் அம்மா கதவுக்குப் பின்னாலதான் இருக்கான்னு நெனச்சுட்டு இருக்கா. நான் எந்த மொழியில "இல்ல"ன்னாலும் அவ காதுக்கு அது வேற மாதிரி விழுமோன்னு பயமா இருக்கு. டீச்சரக் கேட்டேன். எந்த மொழியில அம்மாவத் தேடறாளோ அந்த மொழியிலயே சொல்லுங்க, சும்மா வாயால சொல்லாம கூட்டிட்டுப் போய்க் காட்டிச் சொல்லுங்கன்னாங்க. "ஊருக்குப் போயிருக்கா, தூங்கறா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னாங்க.

எனக்கு அந்த மொழி வராது. நீங்க வாங்க மச்சான். நீங்க சொன்னா அவளுக்குப் புரியும். கதவத் தொறக்க மாட்டேன்னு எழுதினத மறந்துருங்க.

கமலக்கண்ணன்


அஞ்செட்டி
18.3.2004

மாப்ளே,

வர மாட்டேன்.

கோவம் இல்ல. வெங்கடம்மா கெளம்புன்னு சொல்லி, சட்டைகூட எடுத்து வச்சுட்டா. நான் பஸ்ஸ்டாப் வரைக்கும் போயித் திரும்பிட்டேன். மாமன் வந்தான், அம்மா இல்லன்னு சொல்லிட்டுப் போனான்னு கொழந்த மனசுல நிக்கும். அப்புறம் இந்த மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வரும். சுகுணாவ நெருப்புக்குக் குடுத்தவன் நீ. சொல்ல வேண்டியவனும் நீதான். எனக்கு அதுக்கு நெஞ்சு இல்ல, உண்மையச் சொல்லிட்டேன்.

வார்த்தை மட்டும் எழுதித் தர்றேன்.

அம்மா இன்னு பரல்ல, புட்டி.

அம்மா இனிமே வர மாட்டா கண்ணுன்னு அர்த்தம். "பரல்ல"ங்கறப்ப "பஸ்"ல வர்ற ப மாதிரிச் சொல்லு, "பல்லு"ல வர்ற ப இல்ல. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, என்னா பண்றது. புட்டின்னு கடைசில சொல்லணும், மொதல்ல இல்ல. சுகுணா அப்படித்தான் சொல்லுவா. வேகமாச் சொல்லாத. சொல்லிட்டு எழுந்து போயிடாத.

கம்பெனில யார்கிட்டயாவது சொல்லிப் பாத்துப் பழகிக்க. வேண்டாம், யார்கிட்டயும் சொல்லாத. தனியாப் பழகிக்க.

ஒண்ணு சொல்லிடறேன். சித்திரைக்கு வர்றதா சொன்னது அப்படியேதான் இருக்கு. உன்னக் குத்தம் சொல்றதுக்கு இல்ல. ஷிப்டுக்கும் ஓடி, சோறும் வடிச்சு, ஒரு வாக்கியத்துக்கு எங்கிட்ட எழுதிக் கேட்டுட்டு, எத்தன நாள் ஓட்டுவ? இங்க இருந்தா அது வாயத் தொறந்தா வீடு பூரா புரியும். ஜீப்பு வேணாம், பஸ்லயே வர்றேன். சண்டைக்கு வரல. யோசிச்சு வை.

சிவராஜ்


ஓசூர்
29.3.2004

மச்சானுக்கு,

நேத்து சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை, காலைல. இட்லி சாப்பிட்டு முடிச்சிருந்தா. வண்டி ஓட்டிக்கிட்டே போறப்ப ஹெல்மெட்டுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அவ பக்கத்துல தரையில உக்காந்தேன். மொதல்ல "அம்மா எல்லி?"ன்னு கேட்டேன்.

அவ திரும்பின வேகம் இருக்கே. இவ்வளவு நாள் மூஞ்சியத் திருப்பிட்டு இருந்தவ. என்ன நேராப் பாத்தா. எந்திரிச்சு ஓடிப்போய் பெட்ரூம் கதவ ரெண்டு கையாலயும் புடிச்சா. "இல்லே!"ன்னா.

இந்தத் தரம் நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. போய் அவளத் தூக்கிக்கிட்டுக் கதவ முழுசாத் தள்ளித் தொறந்தேன். கதவுக்குப் பின்னால ஆணியில சுகுணாவோட கம்பெனி கோட்டு தொங்குது. கல்யாணத்துக்கு முன்னால வேலைக்குப் போறப்ப அவ போட்டுக்கிட்டு இருந்தது. நான்தான் எடுக்காம விட்டிருந்தேன். பாப்பா அதத் தூக்கி உள்ள பாத்தா. செவுரு. மறுபடி தூக்கிப் பாத்தா. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கக் கையிலருந்து நெளிஞ்சா, எறக்கி விட்டேன். எல்லா எடமும் பாக்கற வரைக்கும் நான் பேசல.

பாத்து முடிச்சு என் முன்னால வந்து நின்னா. அப்பதான் சொன்னேன். அம்மா இன்னு பரல்ல, புட்டி.

அவ என் வாயவே பாத்துட்டு இருந்தா. டீச்சர் வாயப் பாக்கற மாதிரி. அப்புறம் "பரல்ல"ன்னா. நான் சொன்ன மாதிரி இல்ல, "பஸ்"ல வர்ற ப. என்னத் திருத்தறா. நானும் திரும்பச் சொன்னேன். பரல்ல. இந்தத் தரம் சரியா வந்துச்சு போல, ஒண்ணும் சொல்லல.

கொஞ்ச நேரம் கோட்டுக் கையப் புடிச்சுட்டு நின்னா. நான் எழுந்து போகல. நீங்க எழுதியிருந்தீங்க.

அப்புறம் கேட்டா. "யாக்கெ?"

அதுக்கு உங்களக் கேக்க வேண்டியதில்ல. மெஷின் நின்னு போனா எங்க லைன்ல எல்லாரும் கேக்கறது அதுதான். ஏன்? யாக்கெ?

அவ இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல மச்சான். தண்ணி வேணும்னாக்கூட கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவாளே தவிரக் கேக்க மாட்டா. டீச்சருக்கு இன்னும் சொல்லல. நாளைக்கிச் செவ்வாய்க்கெழம, போய்ச் சொல்லணும். அவங்க சந்தோசப்படுவாங்க. சந்தோசப்படற சேதிதான். நான் அங்கயே கதவுல சாஞ்சு உக்காந்து அழுதேன். சுகுணா போனதுக்கு அப்புறம் நான் அழுதது இதான் மொதத் தரம்.

காய்ச்சல்னு சொன்னேன், தமிழ்ல. கேட்டுக்கிட்டா. சாப்பிட்டுட்டு இருந்தப்ப மறுபடி கேட்டா, யாக்கெ. டாக்டர் மருந்து குடுத்தாரு, கேக்கலன்னு சொன்னேன். குளிப்பாட்டறப்ப கேட்டா. தெரியலம்மான்னேன். இன்னைக்கு வேலைக்குக் கெளம்பறப்ப ஷூவப் புடிச்சுக்கிட்டு கேட்டா. சாயங்காலம் வந்து சொல்றேன்னுட்டு வந்திருக்கேன்.

நீங்க வாங்க. பஸ்லயே வாங்க. வெங்கடம்மா அக்காவையும் கூட்டிட்டு வாங்க, இருந்து பேசுங்க, அவகிட்ட கன்னடத்துலயே பேசுங்க, எனக்கும் நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க. லீவுக்கு அவள அங்கிட்டு கூட்டிட்டு வர்றேன், நானும் கூட இருப்பேன்.

ஆனா கூட்டிட்டுப் போறதுக்கு வராதீங்க. அவ கேள்விய என்கிட்ட கேட்டிருக்கா. நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல.

கமலக்கண்ணன்